ஸ்கடர் வீட்டுப் பெண்கள்

இந்த மாதப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். நடுவில் ஒரு கேள்வி வரும். அங்கே நிறுத்திப் பேசிவிட்டு அப்புறம் தொடரலாம்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி நமக்குத் தெரிந்ததுதான். அதை ஆரம்பித்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி. ஆனால் கதை அவருடைய தாத்தாவிடமிருந்து தொடங்குகிறது.

தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க் நகரத்தில் டாக்டர். நல்ல வருமானம். அதை விட்டுவிட்டு, மத ஊழியமும் வைத்தியமும் செய்ய 1819இல் கப்பல் ஏறினார். மனைவி ஹாரியட்டும் சின்ன மகளும் கூட வந்தார்கள். வரும் வழியில் கல்கத்தாவில் அந்தக் குழந்தை இறந்துபோனது. பெற்ற பிள்ளையை அங்கே புதைத்துவிட்டு, அந்தத் தாய் எந்த மனசோடு மறுபடி கப்பல் ஏறினாரோ! இலங்கையில் யாழ்ப்பாணம் பக்கம் பண்டத்தரிப்பில் பல வருஷம் இருந்தார்கள். 1836இல் சென்னைக்கு வந்தார்கள். ஹாரியட் 1849இல் சென்னையிலேயே காலமானார்.

இவர்களுடைய மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் ஊழியம் செய்தார்கள். அதில் சைலஸ் என்பவர் 1866இல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி தொடங்கினார். கடைசி மகன் பெயரும் ஜான்தான், அவரும் டாக்டர். அவருக்கும் சோபியா அம்மாவுக்கும் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த மகள்தான் ஐடா. தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த பிள்ளைகளைச் சின்ன வயசிலேயே கண்ணால் பார்த்தவர். பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தார். பெற்றோர் இங்கே, மகள் அங்கே என்று பல வருஷம் ஓடியது. "இந்த வாழ்க்கை எனக்கு வேண்டவே வேண்டாம்" என்று அவர் நினைத்ததில் தப்பு இருக்குதா?

1890இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். பார்த்துக்கொண்டு திரும்பிப் போவதாகத்தான் எண்ணம். ஒரு ராத்திரி, மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் முதலியார். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவ வலி, குழந்தை பிறக்காமல் கஷ்டம். "அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. ஆண் வந்து தொடக்கூடாது, நீங்கள் வாங்கம்மா என்றார்கள் அவர்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இங்கே நிறுத்துங்கள். டாக்டர் இருந்தார், வீடு பக்கத்தில்தான், வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பெண்கள் ஏன் செத்தார்கள்? அந்த மூன்று பெண்களிடம் யாராவது, "டாக்டர் வரட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? பேசுங்கள்.

மறுநாள் ஐடா தன் முடிவைச் சொன்னார், நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று. நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் வாங்கினார். 1900இல் வேலூர் வந்து, வீட்டில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் ஆரம்பித்தார். கூடவே இருந்து சொல்லித்தர வேண்டிய அப்பா அதே வருஷம் மே மாதம் இறந்துவிட்டார். ஷெல் என்ற ஒரு அமெரிக்கப் பணக்காரர் இறந்துபோன மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் 40 படுக்கையோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழும்பியது. அதற்கும் அந்த அம்மாள் பெயர்தான், மேரி டேபர் ஷெல்.

ஆனால் ஒரு பெண் டாக்டர் எத்தனை கதவுக்குப் போக முடியும்? 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிசு என்று சொல்லியிருந்தார்கள். வந்தது 151! 1922இல் முதல் வகுப்பில் 14 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். ஆண்களைச் சேர்த்தது 1947இல்தான். ஐடா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1960இல் கொடைக்கானலில், 89 வயதில் காலமானார். அவர் பெயரையே வைத்திருந்த அண்ணன் மகளும் டாக்டராகி வேலூரில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தார்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை. தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர் எல்லாம் நமக்குத் தெரியும். உங்க பாட்டியோட அம்மா பேரு என்ன? எத்தனை பிள்ளை பெத்தாங்க, எத்தனை தங்கிச்சு, பிரசவம் பார்த்தது யாரு? வீட்டில் பெரியவங்க இருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கிட்டு வாங்க.