குட்டி குறைந்தால் குற்றம் யாருடையது?

பன்றிப் பண்ணையின் வருவாயை முடிவு செய்வது ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையே ஆகும். அது குறைந்தால் பெண் பன்றியைப் பழித்துக் கழித்துவிடுவது வழக்கம். ஆனால் 1964-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களான ஹென்றிக்சன், பேக்ஸ்ட்ரோம் ஆகிய இருவரும் வேறொரு காரணத்தைக் கண்டறிந்தனர். குறை ஓர் ஆண் பன்றியின் குரோமோசோம்களில் இருந்தது.

வீட்டுப் பன்றியின் உடல் செல்களில் 38 குரோமோசோம்கள், அதாவது 19 இணைகள் உள்ளன. சிலவேளை வெவ்வேறு இணைகளைச் சேர்ந்த இரு குரோமோசோம்கள் முறிந்து, தம் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்கின்றன. மரபுப் பொருள் பொதுவாகக் குறைவதில்லை. இடம் மட்டுமே மாறுகிறது. ஆகவே அவ்விலங்கு நலமாகவே வளரும். விந்தும் பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும்.

குன்றல் பகுப்பின்போதுதான் குறை வெளிப்படுகிறது. விந்தணுக்கள் பலவற்றில் ஒரு துண்டு மிகுந்தும் மற்றொன்று குறைந்தும் அமைகின்றன. அவற்றால் உண்டாகும் கருக்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே மடிகின்றன. 12 குட்டிகள் ஈனவேண்டிய தாய் 6 அல்லது 7 மட்டுமே ஈனக்கூடும். பிழைத்த குட்டிகளிலும் ஏறத்தாழப் பாதி, இம்மாற்றத்தைத் தம் வழித்தோன்றல்களுக்குக் கொண்டு செல்லும்.

செயற்கைக் கருவூட்டலில் ஓர் ஆண் பன்றியின் விந்து பல பண்ணைகளுக்குச் செல்வதால் தீங்கும் பரவுகிறது. எனவே பிரான்சு நாட்டில் இளம் ஆண் பன்றிகளின் இரத்த வெள்ளணுக்களை வளர்த்து, சாயமேற்றி, குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஆராய்கின்றனர். ஏறத்தாழ 200-இல் ஒன்றில் இத்தகைய மாற்றம் காணப்பட்டது.

நண்பர்களே, தாயைப் பழிக்குமுன் தந்தையின் இரத்தத்தையும் சோதிப்பதே அறிவியல் காட்டும் நெறி.