மகளுக்கு ரயில் பாஸ் இலவசம்

கேள்வி: என் மகள் அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் இந்துக் கல்லூரிக்கு பி.காம். படிக்கப் போகிறாள். அரசுப் பள்ளி மாணவி. கல்லூரி ஆபீஸில் என்ன கேட்க வேண்டும்?

பதில்: முதலில் ரயில் பாஸுக்கான சான்றிதழ். மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை, வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம். இது தெரியாமல் யாராவது காசு கட்டினால் எனக்கு மனசே ஆறாது. முதல்வர் கையெழுத்து, கல்லூரி முத்திரை இரண்டும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். கல்லூரியின் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. படிவத்தில் பட்டாபிராம் என்று போடாமல் ‘இந்துக் கல்லூரி’ என்றே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். ஆறிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாதம் 1,000 ரூபாய். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். வங்கிக் கணக்கு அவள் பெயரிலேயே, ஆதார் இணைத்து இருக்கட்டும்.