பஞ்சம் தீர்ந்து திரும்பியவர்கள்

கேள்வி: மகன் கனடா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ராமர் வனவாசம்தான் ஞாபகம் வருகிறது. இரண்டும் ஒன்றா?
- ஒரு தாய், ஆரணி

பதில்: ராமருக்கு 14 வருஷம் என்று கெடு இருந்தது அம்மா. இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டு ஓடவேண்டி வந்த ஈழத்தமிழருக்கு அந்தக் கெடுகூட இல்லை. உங்கள் மகன் தானாகப் போனவர். அவருக்குப் பொருந்தும் கதை சமணருடையது. உங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருமலையில், சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதர் நிற்கிறாரே, அந்த மரபின் கதை.

வடக்கே 12 ஆண்டுப் பஞ்சம் வரப்போவதை அறிந்த பத்திரபாகு முனிவர், சீடர்களோடு தெற்கே சிரவணபெளகொளாவுக்கு வந்தார் என்கிறார்கள் ஆடை துறந்த திகம்பரச் சமணர்கள். பஞ்சம் தீர்ந்து சிலர் திரும்பிப் போனால், ஊரிலேயே இருந்த துறவிகள் வெள்ளாடை உடுத்தியிருந்தார்கள்! பழைய நெறியை விடாமல் காத்தவர்கள் வெளியூர் போனவர்கள்தாம். சங்கம் இரண்டானது. வெள்ளாடைப் பிரிவினரான சுவேதாம்பரர் இதை வேறு விதமாகச் சொல்வார்கள். எனக்கோ இதில் இன்றைய வீடுகள் அப்படியே தெரிகின்றன. டொராண்டோ குளிரிலும் பொங்கலுக்கு வெண்கலப் பானை தேடும் பிள்ளை, இங்கே வந்து அம்மா குக்கரில் வைப்பதைப் பார்த்து முகம் வாடுகிறான். உங்கள் மகனும் அப்படி வந்து கேட்டால் கோபப்படாதீர்கள். இந்த ஒன்பது வருஷத்தில் வீட்டில் என்னென்ன மாறியது, ஏன் மாறியது என்று போனிலேயே இப்போதிருந்து சொல்லிவாருங்கள்.