இரண்டு பெட்டிப் புத்தகம்

கும்பகோணம்,
வெள்ளி இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு, அத்தை எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தைப் பற்றி அண்ணி நேற்று போனில் சொன்னாள். ராத்திரி ஒரு மணிவரை விழித்திருக்கிறாயாம், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஆபீஸ் போகிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதோடு இன்னொன்றும் சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்கு நீ இப்போது போவதில்லையாமே. அங்கே, தமிழில் இல்லாதது எதுவுமில்லை, வெளியே எதற்குப் போக வேண்டும் என்று ஒரு கட்சி. பழந்தமிழெல்லாம் பரீட்சைக்குப் படித்ததோடு சரி, தத்துவம் வேண்டுமானால் கிரேக்கத்துக்கும் ஜெர்மனிக்கும்தான் போக வேண்டும் என்று இன்னொரு கட்சி. நீ இரண்டாவது கட்சியில் நின்று பேசியிருக்கிறாய். பேச்சு முற்றி யாரோ உன் மனம் புண்படும்படி சொல்லிவிட்டார்கள். இனிமேல் முழுப் புத்தகமே வேண்டாம், சாரத்தைப் பதினைந்து நிமிஷத்தில் காதில் கேட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அறையில் இடமில்லை என்பதால் நான் கொடுத்த இரண்டு பெட்டிப் புத்தகத்தையும் யாருக்காவது கொடுத்துவிடப் போகிறாயாம்.

புத்தகம் உன்னுடையது, அறையும் உன்னுடையது. கொடுக்காதே என்று நான் சொல்லப் போவதில்லை. முடிவெடுக்கும் முன் நான் சொல்வதையும் கேட்டுக்கொள்.

சித்திரையில் வந்தபோது நீ இங்கே விட்டுப்போன மார்க்கஸ் அரேலியஸின் ‘தியானங்க’ளை வாசித்து முடித்தேன். ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் ஓடும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஆயிற்று. எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி, தனக்கென்று எழுதிக்கொண்டதைக் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறார். அதில் சிலது டான்யூப் நதிப்பக்கம் போர்ப் பாசறையில் இருந்தபோது எழுதியது. அத்தனை அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, காலையில் எழுந்திருக்கச் சோம்பல் வருகிறதே என்று தன்னையே கண்டித்துக்கொள்கிறார். நீ அவரைப் பிடித்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதல் பகுதியை நிதானமாக வாசித்தாயா? யார் யாரிடம் என்னென்ன கற்றேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த வரிசை அவருடைய தாத்தாவில் தொடங்குகிறது, அம்மாவும் அதில் வருகிறாள். சாரத்தைப் பதினைந்து நிமிஷத்தில் சொல்கிறவர்கள் முதலில் வெட்டி எறிவது இந்தப் பகுதியைத்தான் என்று நினைக்கிறேன். இதில் ‘கருத்து’ என்று எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றி மட்டும்தான் இருக்கிறது.

நீ சொன்ன புத்தகத்தை நான் முழுதாக வாசித்துவிட்டேன் இல்லையா? அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். மணிமேகலையை நீ எப்போது முழுதாக வாசித்தாய்? பள்ளிக்கூடத்துப் பாடத்தில் ஆதிரை பிச்சையிட்ட இடம் வந்திருக்கும், அமுதசுரபி வந்திருக்கும். வஞ்சி மாநகரத்துக்கு மணிமேகலை போனது வந்திருக்காது. அங்கே நடப்பதைச் சொல்வது இருபத்தேழாவது காதை. அமுதசுரபிப் பாத்திரத்தை ஏந்திச் சோறிட்ட அந்தப் பெண், அங்கே தத்துவம் கேட்கப் போகிறாள். இளம்பெண்ணாகப் போனால் சொல்ல மாட்டார்கள் என்பதால் தவசியின் வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். அளவை வாதி, சைவ வாதி, பிரம வாதி, வைணவ வாதி, வேத வாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று ஒருவர் விடாமல் ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் தத்துவம் என்ன என்று கேட்கிறாள். மணிமேகலையை எழுதிய சாத்தனார் பௌத்தத்தின் பக்கம் நிற்கிற கவிஞர். ஆனாலும் எதிர்க்கட்சிக்காரர் ஒவ்வொருவரும் தம் வாயால் தம் கொள்கையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கிறார். கடைசியில் பூதவாதி, கண்ணால் கண்டதுதான் உண்மை, மறுபிறப்பெல்லாம் கிடையாது என்று சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. உன் தாய் தந்தை இவர்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்டுவிட்டு நடக்கிறாள். முழுதாகக் கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள் என்பதைக் கவனி.

உன் கூட்டத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் எதிர்த் தரப்புப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் சண்டை போட்டிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதே, அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஊரில் 1880இல் நடந்ததை உன் தாத்தா எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! உ.வே.சாமிநாதையர் அப்போதுதான் இங்கே கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், திருவாவடுதுறைச் சைவ மடத்தில் பயின்றவர். முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று ஐயர் பெரிய பட்டியலே சொன்னார். அதனால் என்ன பிரயோசனம், சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டாரே முதலியார், அந்தக் கேள்வியைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஐயர் வருத்தப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. சமணக் காப்பியமான சிந்தாமணியைப் புரிந்துகொள்ள, இதே ஊரில் இருந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது, 1898இல் மணிமேகலை வந்தது. உன் கூட்டத்தில் உன்னைச் சொன்னதைவிட இது பெரிய அவமானமா சின்ன அவமானமா என்று நான் சொல்ல மாட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைப் பார் என்கிறேன்.

இனி நான் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததைச் சொல்கிறேன்.

தாத்தாவிடம் நீலகேசி இருந்தது. சக்கரவர்த்தி நயினார் 1936இல் உரையோடு பதிப்பித்தது. தாத்தா எவ்வளவு அழுத்தமான சைவர் என்பது உனக்குத் தெரியும். நீலகேசியோ சமண நூல். ஒவ்வொரு சருக்கத்துக்கும் ஓரத்தில் பென்சிலால் பதில் எழுதிவைத்திருந்தார். ‘ஒப்ப மாட்டேன்’ என்று ஓரிடத்தில், ‘இது நியாயம்’ என்று ஓரிடத்தில். 1991இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, நான் புதுக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலையில் இருந்த சமயம், உன் அப்பா பரணைக் காலி செய்து எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். நான் லீவில் வந்து கேட்டபோது, “அதெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?” என்றார். கடைக்கு ஓடினேன். இரண்டு பெட்டி அளவுக்குத்தான் திரும்பக் கிடைத்தது. நீலகேசி கிடைக்கவில்லை. அந்த இரண்டு பெட்டிதான் இப்போது உன் அறையில் இருக்கிறது.

அண்ணன்மேல் எனக்கு இன்று கோபமில்லை என்று எழுதினால் அது பொய். இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்ட வேண்டாம். காட்டினாலும் சரிதான்.

நீலகேசி இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. தாத்தா பென்சிலால் எழுதியது எங்கேயும் கிடைக்காது. இன்னொன்றும் சொல்கிறேன். குண்டலகேசி என்ற பௌத்த நூலை மறுப்பதற்காக எழுதப்பட்டதுதான் நீலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான அந்தக் குண்டலகேசி அழிந்துபோயிற்று, பத்தொன்பது பாட்டுத்தான் மிச்சம் என்பார்கள். மற்றப் பாட்டுகள் பலவற்றின் தொடக்கச் சொற்களாவது நமக்குத் தெரிகின்றன என்றால், நீலகேசிக்கு உரை எழுதிய வாமன முனிவர் அவற்றைக் குறித்துவைத்ததால்தான். எதிராளியின் நூலைப் பாட்டுப் பாட்டாகப் படித்து வாதாடியவர் அதைக் கொஞ்சம் காப்பாற்றிக் கொடுத்தார். தம்முடையது என்று வைத்திருந்தவர்களால் காப்பாற்ற முடியவில்லை. உன் மார்க்கஸ் அரேலியஸும் மயிரிழையில் தப்பியவர்தான். 1559இல் சூரிச்சில் அவர் நூலை முதன்முதலில் அச்சிட்டார்கள். எந்தக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அச்சிட்டார்களோ, அது பிறகு தொலைந்துபோயிற்று.

ஆகவே என் யோசனை இது. கூட்டத்துக்குத் திரும்பப் போ. எந்தக் கட்சியிலும் சேராதே. உன்னிடம் சண்டை போட்டவரிடம் போய், எந்த ஒரு நூலை நான் முழுதாக வாசிக்க வேண்டும் என்று நீயே கேள். அவர் சொன்னதை வாசி, உன்னுடையதை அவரிடம் கொடு. பழந்தமிழ் கடினமாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உரையோடுதான் நாங்களும் படித்தோம். முதலில் ஐயரின் ‘என் சரித்திர’த்தில் தொடங்கு. சிவப்பு அட்டை, இரண்டாவது பெட்டியில் மேலாக இருக்கிறது. ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கித் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததோடு நின்றுபோன நூல். நடை உன்னை இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு மணிமேகலை. வஞ்சிக் காதை வரும்போது எனக்குப் போன் செய், சேர்ந்து வாசிப்போம். நீ படிக்கிற நீட்சேயையும் காம்யுவையும் விட வேண்டாம். ஒவ்வொன்றாக எனக்கும் அனுப்பு, மெதுவாகத்தான் என்றாலும் வாசித்துவிடுவேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பெட்டிகளைக் கொடுத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றினால் கொடுத்துவிடு. எடைக்குப் போடாமல், கூட்டத்தில் படிக்கிற யாராவது ஒருவர் கையில் கொடு. கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் ரயிலேறி வந்து எடுத்துக்கொள்கிறேன். முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

ரொம்ப நேரம் பேசிவிட்டேனோ கண்ணு? உன்னைக் குறை சொல்ல உட்காரவில்லை. எங்கள் வீட்டில் தாத்தாவுக்குப் பிறகு ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு தத்துவம் படித்தது நீ ஒருத்திதான். அதை நினைத்துத்தான் எனக்கு இத்தனை பதைப்பு. நீ ஒரு புத்தகமும் படிக்காவிட்டாலும் எனக்கு நீ செல்லம்தான். தீபாவளிக்கு நான்கு நாள் லீவு போட்டு வா. அதிரசத்துக்கு மாவு இடித்துவைக்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி ஏலக்காய் தூக்கலாகப் போடுகிறேன். அண்ணியையும் உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஆபீஸ் போக வேண்டும்.

உன் மார்க்கஸ் அரேலியஸ் இங்கே தாத்தாவின் அலமாரியில், முதல் தட்டில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்.

அன்புடன்,
அத்தை