கித்தாரைக் கடைசியில் எடுங்கள்

குளுவாங்கிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது இருபத்திரண்டு. ஒன்றரை வருடமாகக் கித்தார் வாசிக்கிறார். ஜி, சி, டி, இ மைனர் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. எஃப் மட்டும் இன்னும் அழுகிறதாம். (எல்லோருக்கும் அழும், விடுங்கள்.) அவருடைய தாத்தா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்தக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போடுவார்களே, அதில் பார்த்த கௌபாய் படங்களைப் பற்றி இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்பாராம். தாத்தாவுக்கு எண்பது நிறையப் போகிறது. அன்றைக்கு ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ’ என்ற பழைய கௌபாய் பாட்டை வாசித்துப் பாடிக் காட்ட வேண்டும். கையில் இரண்டு மாதம் இருக்கிறது. “கார்ட் எல்லாம் சரியா விழுது சார், ஆனா பாட்டு பாட்டா வரமாட்டேங்குது. என்ன செய்யலாம்?”

தம்பி, முதல் வேலையாகக் கித்தாரைப் பையில் போட்டு மூடுங்கள். பத்து நாள் தொடாதீர்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. கௌபாய் என்றாலே குதிரை, தொப்பி, மடியில் கித்தார் என்று நம் கண்ணில் ஒரு படம் ஓடும். அந்தக் கித்தாரில் பெரும்பங்கு இசைத்தட்டும் ஹாலிவுட்டும் பின்னால் கொண்டுவந்து மாட்டியது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1867 தொடங்கி 1880-கள் வரை, டெக்சாஸ் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கான்சாஸ் ரயிலடிகளுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் குதிரைமேல் போகிறவன் கித்தாரை எங்கே கட்டித் தொங்கவிடுவான்? வாயிசைக் கருவி சட்டைப்பைக்குள் போகும். பிடில் சமையல் வண்டியில் ஏறும். மற்றபடி பாட்டு என்பது வெறுங்குரல்தான். இரவுக் காவலுக்குப் போனவர்கள் படுத்திருக்கும் மாடுகளைச் சுற்றி மெல்லக் குதிரையில் வந்தபடி பாடுவார்கள். மாடு மிரண்டு ஓட ஆரம்பித்தால் ஆளையும் மிதித்துவிட்டுப் போகும். இருட்டில் ஒரே சீராகக் கேட்கும் மனுசக் குரல் அதை அடக்கி வைக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

இது நமக்குப் புரியாத சங்கதியும் இல்லை. என் தாத்தா சிகாமட் பக்கம் தோட்டத்தில் ஐந்தாறு மாடு வைத்திருந்தார். சாயங்காலம் அவற்றை ஓட்டி வரும்போது ஓயாமல் ஒரு குரல் கொடுத்துக்கொண்டே வருவார். அதைப் பாட்டு என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. ஏறாது, இறங்காது. அவர் குரலை நிறுத்தினால் மாடும் நின்று திரும்பிப் பார்க்கும். நீங்கள் பிடிக்க வேண்டியது அந்தக் குரலைத்தான். மோட்டார் சைக்கிளில் போகும்போது, துணி துவைக்கும்போது, யாரும் கேட்காத இடத்தில் கருவி இல்லாமல் முழுப் பாட்டையும் பாடிப் பழகுங்கள். பத்தாம் நாள், நடுவில் மூச்சு வாங்காமல் ஒரு வரி முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்தது கதை. பாடுகிறவன் லரேடோ தெருவில் நடந்து வருகிறான். அமெரிக்க–மெக்சிகோ எல்லையில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிற டெக்சாஸ் ஊர் அது. வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடக்கும் இளவட்டம் ஒருவன், குண்டடிபட்டுச் சாகக் கிடப்பவன், இவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன் கதையைச் சொல்கிறான். எப்படிக் கெட்டேன், வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது, என்னை எப்படி எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக. நம் ஊரில் செத்தவருக்கு மற்றவர்கள் ஒப்பாரி வைப்பார்கள். இங்கே சாகிறவனே தனக்கு வைத்துக்கொள்கிறான்.

கவனித்துப் பார்த்தால் பாட்டில் ஓர் இடம் இடறும். குடித்துச் சூதாடித் தெருவில் சுடுபட்டவன், மேளமும் குழலும் முழங்கத் தன்னை எடுத்துப்போகச் சொல்கிறான். மாடு ஓட்டுகிறவனுக்கு எதற்குப் பட்டாளத்து மரியாதை? இந்தப் பாட்டின் மூதாதை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வழங்கிய ‘அன்ஃபார்ச்சுனேட் ரேக்’ என்ற பாட்டுக் குடும்பம். அதில் சாகிறவன் சிப்பாய். குண்டால் இல்லை, பால்வினை நோயால். சிப்பாய்க்கு உரிய மேளம், அவன் போன பிறகும் பாட்டைவிட்டுப் போகாமல் கடல் தாண்டி டெக்சாஸ் வரை வந்துவிட்டது. பிராங்க் மேனார்ட் என்ற மாடோட்டி, 1876-இல் இதைக் கௌபாய் பாட்டாக மாற்றியது நான்தான் என்று பின்னாளில் சொன்னார். சில வடிவங்களில் லரேடோவே கிடையாது. டாட்ஜ் சிட்டியின் டாம் ஷெர்மன் மதுக்கடை வாசலில் கதை நடக்கும். 1908-இல் ஜாக் தார்ப் என்பவர் கௌபாய் பாட்டுகளைச் சிறு புத்தகமாக அச்சிட்டார். 1910-இல் ஜான் லோமாக்ஸ் பெரிய தொகுப்பு கொண்டுவந்தார். லூயி ஆம்ஸ்ட்ராங் 1928-இல் பதிவு செய்த ‘செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி’யும் இதே குடும்பத்துப் பிள்ளை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்வதுண்டு.

இவ்வளவும் எதற்கு என்றால், இந்தப் பாட்டுக்கு ‘ஒரிஜினல்’ என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒரு பாடகரைப் பார்த்து அப்படியே நகல் எடுக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. பல வடிவங்களை வாசித்துவிட்டு ஐந்து அல்லது ஆறு சரணம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்குச் சொல்லி அனுப்பும் சரணத்தையும் மேளம் வரும் சரணத்தையும் விடாதீர்கள். யூடியூபில் போடுவதானால் மரபுப் பாட்டு என்று குறிப்பிடுங்கள். பழைய வரிகள் பொதுச்சொத்து, ஆனால் இன்றைய பாடகர் ஒருவர் சேர்த்த சொல்லும் இசையமைப்பும் அவருடையவை.

இனிக் கித்தாரை எடுக்கலாம். தாளம் மூன்று எண்ணிக்கை, நம் கணக்கில் திஸ்ரம். ஆனால் பாட்டு முதல் தட்டில் ஆரம்பிக்காது. அதற்குச் சற்று முன்னாலேயே சொல் விழுந்துவிடும். கர்நாடக இசையில் அதீத எடுப்பு என்போம். உங்கள் பாட்டு “பாட்டா வராத”தற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான் என்று சந்தேகப்படுகிறேன். கார்டையும் முதல் சொல்லையும் சேர்த்து அடிப்பீர்கள், பாட்டு நொண்டும். முதலில் இரண்டு வட்டம் வெறும் கித்தார், பிறகு குரல் முந்திக்கொண்டு இறங்க வேண்டும், அழுத்தமான சொல் வரும் இடத்தில் ஜி விழ வேண்டும். இதை மட்டும் ஒரு நாள் முழுக்கச் செய்யுங்கள்.

கார்ட் பெரிதாக ஒன்றுமில்லை. ஜி ஒரு வட்டம், டி7 ஒரு வட்டம் என்று மாறி மாறி வரும். இடையில் ஓரிடத்தில் சி அல்லது ஏ மைனர் வைத்தால் போதும். எஃப் தேவையில்லை. வலது கைக்குத் தடித்த தந்தி ஒன்று, பிறகு மேலிருந்து மெல்ல இரண்டு வருடல்: தும், தக், தக். ஜி பிடிக்கும்போது ‘தும்’ ஆறாம் தந்தியில், அடுத்த முறை நாலாம் தந்தியில். டி7-க்கு நாலு, பிறகு ஐந்து. குதிரையின் கால் மாறி மாறி விழுவது போல இருக்கும்.

இது பழகிய பிறகு நடையைச் சேருங்கள். ஜி-யிலிருந்து சி-க்குப் போகும் வட்டத்தில் வருடலை விட்டுவிட்டு மூன்று தனிச்சுரம்: ஆறாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட், ஐந்தாம் தந்தி வெறுமனே, ஐந்தாம் தந்தி இரண்டாம் ஃப்ரெட். அடுத்த தட்டில் சி வந்து நிற்கும். பாட்டில் இரண்டு இடத்துக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். என் மாணவர்கள் இதைக் கற்ற வாரம் ஒவ்வொரு வரியிலும் நடப்பார்கள். கேட்பதற்குப் பாசீர் கூடாங் நெடுஞ்சாலை லாரி வரிசை மாதிரி இருக்கும். குரலுக்குச் சுருதி உயரம் போதவில்லை என்றால் கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில் போடுங்கள். மெட்ரோனோம் 90-ஐத் தாண்ட வேண்டாம். ஒத்திகையில் சரியாக இருப்பது, பத்துப் பேர் முன்னால் தானாகவே 110-க்கு ஓடும். நான் முதல் முறை ஒரு கல்யாண வீட்டில் பாடியபோது சாகக் கிடந்தவன் எழுந்து ஓடியே போய்விட்டான்.

பாடும் விதம் பற்றி. ஜானி கேஷ் இந்தப் பாட்டை 1965-இல் பதிவு செய்தார், அப்போது வயது 33. மறுபடி 2002-இல், எழுபது வயதில், நோயோடு பாடினார், மறுவருடம் இறந்துபோனார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் கதை சொல்கிறவன் நின்றுகொண்டிருக்கிறான். இரண்டாவதில் கதை சொல்கிறவன் யார், சாகிறவன் யார் என்றே பிரிக்க முடியவில்லை. அதற்காக அவர் எதையும் கூட்டவில்லை, குரல் நடுங்குவதை மறைக்கவில்லை, அவ்வளவுதான். மார்ட்டி ராபின்ஸ் 1960-இல் பாடியதையும் ஒருமுறை கேளுங்கள். பிறகு ஒரு வாரம் எதையும் கேட்காதீர்கள்.

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சோகம் என்றால் சினிமாப் பாட்டுப் போலக் குரலை வளைத்து, பெருமூச்சு விட்டு, கடைசிச் சுரத்தில் ஒரு குலுக்கல் கொடுப்போம். இந்த மெட்டு சங்கராபரண சுரங்களில் வெள்ளந்தியாக நடக்கிறது. அழுகையை அது கேட்பவரிடம் விட்டுவிடுகிறது. முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு, அவற்றில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளும் உண்டு, சமஸ்கிருதச் சாகித்யம் எழுதினாரே, அந்த நோட்டுஸ்வரங்களைக் கேட்டிருப்பீர்கள். கமகத்தில் கரைகண்ட அவரே அங்கே சுரத்தை அசைக்காமல் நேராக விட்டார். நீங்களும் விடுங்கள். டெக்சாஸ் உச்சரிப்புக்கும் முயல வேண்டாம். குளுவாங் வாய்க்கு வருகிற ஆங்கிலமே போதும். கித்தார் எப்படி அடக்கமாகத் துணைபோவது என்று பார்க்க வெளிநாட்டு வீடியோதான் வேண்டும் என்பதில்லை. நம் ஜொகூர் கசல் குழு வாசிக்கும்போது கம்புஸுக்கும் ஆர்மோனியத்துக்கும் பின்னால் கித்தார்க்காரர் என்ன செய்கிறார், முக்கியமாக எப்போது சும்மா இருக்கிறார் என்று பாருங்கள்.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள், பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், விழாவுக்கு நாலு நாள் முன்னால் புதுத் தந்தி மாட்டுங்கள். அன்றைக்கே மாட்டினால் சுருதி நிற்காது. வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். நான் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பசை இளகி, பிரிட்ஜ் பலகையைவிட்டுப் பெயர்ந்திருந்தது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எண்பதாவது பிறந்தநாளில், மாலை போட்டு உட்கார வைத்த தாத்தாவின் முன்னால், வெள்ளைத் துணி சுற்றிக் கிடக்கிறவன் பாட்டா? உங்கள் பெரியம்மா சும்மா இருப்பாரா? கேக் வெட்டும்போது ‘ஹோம் ஆன் தி ரேஞ்ச்’ பாடுங்கள். 1870-களில் கான்சாஸில் பிரூஸ்டர் ஹிக்லி என்பவர் எழுதியது, 1947 முதல் அந்த மாநிலத்தின் பாட்டு. அதுவும் மூன்று எண்ணிக்கைதான். ஜி, சி, டி7 வைத்தே சமாளிக்கலாம். நீங்கள் பழகிய வலது கை அப்படியே உதவும். கூட்டமாகப் பாடவும் தோதானது.

லரேடோவை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் போன பிறகு தாத்தா அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் அல்லவா, அப்போது. கதையை முதலில் தமிழில் இரண்டு நிமிடம் சொல்லிவிடுங்கள். கடைசி ஜி-யை அடித்த பிறகு உள்ளங்கையால் தந்தியை அடக்காதீர்கள். அது தானாக அடங்கும்வரை பேசாமல் இருங்கள். அவர் ஏதாவது பாட ஆரம்பித்தால், என்ன சுருதி என்று கேட்காமல் பின்னாலேயே தேடிப் பிடியுங்கள்.