கொள்ளை நோய்க் காலத்தில் மற்ற நோய்களுக்கு மருந்து

கொள்ளை நோய் ஒன்று பரவும்போது மற்ற நோய்கள் ஒதுங்கி நின்று வழிவிடுவதில்லை. சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் அப்படியேதான் இருக்கும். கர்ப்பிணிக்கு மாதம் நிறையும். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி நாள் வரும். கொரோனா பரவிய 2020-ஆம் வருடத்தில் நம்மவர்களில் பலர் இதை மறந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் படி ஏறினாலே நோய் தொற்றிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். “அல்லாஹ் நாடியது நடக்கும், மருந்தென்ன மாத்திரையென்ன” என்ற பேச்சு மறு பக்கம். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டும் கொண்டுபோய் விட்ட இடம் ஒன்றுதான். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ஜமாஅத் தவறாதவர், சர்க்கரை மாத்திரை தீர்ந்த பின் நான்கு மாதம் வைத்தியரிடம் போகவில்லை. காலில் வந்த சிறு புண்ணுக்கு வீட்டிலேயே கட்டுப் போட்டுக்கொண்டார். கொரோனா அவரைக் கடைசிவரை தொடவே இல்லை. ஆனால் காலை எடுக்க வேண்டியதாயிற்று.

இது ஒருவர் கதையல்ல. 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளில் விசாரித்தபோது, இரத்தக் கொதிப்புக்கான சிகிச்சை 53 சதவீத நாடுகளிலும், சர்க்கரை வியாதிக்கான சிகிச்சை 49 சதவீத நாடுகளிலும் ஓரளவோ முழுவதுமோ தடைப்பட்டிருந்தது. நம் நாட்டில் 2019-இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-இல் பதிவானவர்கள் சுமார் 18 லட்சம் பேர்தாம். நோய் அவ்வளவு குறைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. நோயாளிகள் வரவில்லை, வந்தவர்களுக்கும் வழி திறந்திருக்கவில்லை.

இதில் ஷரீஅத்தின் நிலை என்ன?

தாஊன் பரவியுள்ள ஊருக்குள் போகக் கூடாது, பரவிய ஊரிலிருந்து பயந்து ஓடவும் கூடாது என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸை யாவரும் அறிவர். ஹிஜ்ரி 18-இல் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டு ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே தாஊன் பரவியிருப்பதாகத் தளபதிகள் வந்து சொன்னார்கள். முஹாஜிர்களிடமும் அன்ஸாரிகளிடமும் கலந்தார்கள், கருத்து ஒன்றுபடவில்லை. குறைஷிப் பெரியவர்கள் ஒருமித்துத் திரும்பச் சொன்னார்கள். “அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?” என்ற பொருளில் ஹஜ்ரத் அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்று கலீபா விளக்கி, பள்ளத்தாக்கின் பசுமையான கரையில் ஒட்டகம் மேய்த்தாலும் வறண்ட கரையில் மேய்த்தாலும் இரண்டும் அவன் விதிப்படியே அல்லவா என்று கேட்டார்கள். பிறகுதான் ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து மேற்படி ஹதீஸைச் சொன்னார்கள். கலீபா அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். விதியை நம்புவதற்கும் வழி தேடுவதற்கும் சண்டை இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இதே ஹதீஸை வைத்துச் சிலர், “நோயுள்ள ஊரை விட்டு வெளியேறக் கூடாதே, பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது?” என்று தயங்கினார்கள். சிறுநீரகம் கெட்டு வாரம் இரண்டு மூன்று தடவை இரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வேண்டியவர் இப்படித் தயங்கினால் அவர் கதி என்ன? ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள், தப்பியோடும் நோக்கமில்லாமல் வேறு அலுவலுக்காக வெளியேறுவது கூடும் என்பதில் உலமாக்கள் ஒருமித்திருப்பதாக எழுதுகிறார்கள். ஓடுகிறவனும் மருந்துக்குப் போகிறவனும் ஒரே பஸ்ஸில் ஏறினாலும் இருவர் சட்டமும் வேறு. ஆனால் ஒன்று. தனக்கே காய்ச்சலும் இருமலும் உள்ளவர் சொல்லாமல் கொள்ளாமல் பொது வரிசையில் போய் உட்காரக் கூடாது. நோயுள்ள ஒட்டகத்தை நலமான ஒட்டகங்களிடம் கொண்டுவரக் கூடாது என்று வேறொரு ஹதீஸ் தடுக்கிறது. அவர் முன்கூட்டியே போனில் தெரிவித்துவிட்டுப் போகட்டும்.

தவக்குல் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் செய்துள்ள பிரிவினை இங்கே மிகவும் பயன்படும். தீங்கை அகற்றும் காரணங்கள் மூன்று வகை என்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு ரொட்டி போல உறுதியானவை முதல் வகை. இவற்றை விடுவது தவக்குலே அல்ல. உயிர் போகும் என்ற பயமிருந்தால் விடுவது ஹராம். இரத்தம் குத்தி எடுத்தல், பேதி மருந்து போலப் பலன் தரும் என எண்ணப்படுபவை இரண்டாம் வகை. இவற்றைச் செய்வது தவக்குலுக்கு விரோதமல்ல, விடுவதும் தடையல்ல. மூன்றாவது வெறும் ஊகத்தில் நிற்பவை. அது நமக்கு இங்கே வேண்டியதில்லை.

இமாமவர்கள் காலத்து மருந்துகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. நம் காலத்திலோ சில மருந்துகள் முதல் வகைக்கு ஏறிவிட்டன என்பது என் கருத்து. 1922-இல் இன்ஸுலின் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன், இன்ஸுலின் சுரக்காத குழந்தைகள் பிழைப்பதில்லை. அத்தகையவருக்கு அந்த ஊசி தாகத்துக்குத் தண்ணீர் மாதிரிதான். மருந்து நின்றால் வரும் கேடு ஏறக்குறைய நிச்சயம். முகக்கவசம் அணிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதால் தொற்றலாம் என்பது சந்தேகம். சந்தேகத்துக்காக நிச்சயத்தைத் தலையில் போட்டுக்கொள்வது பேணுதலாகாது.

எல்லாவற்றுக்கும் நேரில் போக வேண்டும் என்பதுமில்லை. தொலைபேசி வழியாக வைத்தியம் பார்ப்பதற்கான முறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25-இல் வெளியிட்டது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்கும் “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் துவங்கியது. பழைய மாத்திரையைத் தொடரவும், அளவைக் கூட்டிக் குறைக்கவும் பெரும்பாலும் போனே போதும். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுதல், ஆறாத கால் புண், கர்ப்பிணிக்கு இரத்தப் போக்கு, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுக்குப் போதாது. அப்போது தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சுவலிக்கும் கை கால் விழுவதற்கும் 108-ஐ அழைக்க வேண்டும்.

ரமலானுக்கு முன்பும் வைத்தியரைக் கேட்டாக வேண்டும். 2020 ஏப்ரல் கடைசியில் நோன்பு வந்தபோது, இன்ஸுலின் போடுகிற சிலர் யாரையும் கேளாமலே நோன்பு வைத்தார்கள். சிலர் கேளாமலே விட்டார்கள். இரண்டும் தவறு. நோன்பால் நோய் முற்றும் என்பது வைத்தியர் சொல்லாலோ சொந்த அனுபவத்தாலோ தெரிய வேண்டும். குணமாகக் கூடிய நோய் என்றால் பின்னர் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு ஃபித்யா கொடுக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபில் அது ஒரு முத்து தானியம், ஹனஃபி மத்ஹபில் அரை ஸாஉ கோதுமை அல்லது அதன் கிரயம்.