விபத்து வழக்கின் காவல்துறை ஆவணங்களை வாசித்தல்

சாலை விபத்து குறித்துக் காவல் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கை, புகார்தாரர் சொன்னதை எழுத்தில் பதிந்து விசாரணையைத் தொடங்கிவைக்கும் ஆவணமே தவிர, தவறு யாருடையது என்று முடிவுகட்டும் தீர்ப்பு அன்று என்பதால், அதில் எதிரியாகக் குறிக்கப்பட்டவர் மனம் தளர வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு பொதுச்சாலையில் ஆபத்து விளையும்படி வாகனம் ஓட்டியதையும், 125 அத்தகைய கவனமற்ற செயலையும் அதனால் நேர்ந்த காயத்தையும், 106 கவனக்குறைவால் நேர்ந்த மரணத்தையும் குறிக்கும்.

நாள், நேரம், இடம், வாகனப் பதிவெண் ஆகியவற்றை முதலில் சரிபார்ப்பது நலம். பதிவான அறிக்கையைத் திருத்த இயலாதாகையால், பிழை தென்பட்டால் விசாரணை அதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவித்து, அதைக் கூடுதல் வாக்குமூலமாகப் பதியுமாறு கோர வேண்டும். இழப்பீட்டு வழக்கில் பெரிதும் துணைநிற்பவை பலரும் கேட்டு வாங்கத் தவறுகிற வேறு மூன்று ஆவணங்கள்: சம்பவ இடத்தைச் சாட்சிகள் முன்னிலையில் விவரிக்கும் பார்வை மகஜர், வாகனங்கள் நின்ற நிலையைக் காட்டும் மாதிரி வரைபடம், பிரேக் முதலியவற்றின் நிலையையும் சேதத்தையும் பதியும் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. தமிழ்நாட்டில் புகாருக்குத் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது. அவ்வறிக்கையின் நகலைப் புகார்தாரரோ பாதிக்கப்பட்டவரோ கட்டணமின்றிப் பெறலாம்.